நாற்பத்திரண்டாவது அடி

மொட்டைப்பாடு என்ற ஊரில் மரம் என்று சொல்ல அதுவரை ஏழு மின்கம்பங்கள்தான் இருந்தன. அவற்றின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டி நிற்கலாமே தவிர, இரண்டு பேர் அருகருகே நின்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்புப் பாத்தி, நடுவில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு, ஆக மொத்தம் அறுபது வீடு. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு ஒரு வேப்பங்கன்றையோ முருங்கைக் கொம்பையோ கொண்டுவந்து ஊன்றிப் பார்த்திருக்கிறாள். அதில் ஒன்றையும் ஆடு கடித்ததில்லை, ஆடு வருவதற்குள் மண்ணே கடித்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு மாசி மாதக் கடைசியில், சந்தனமாரி படுத்துக் கிடந்த நார்க்கட்டிலின் கால் துளிர்த்தது.

சந்தனமாரி தவசிலிங்கத்தின் மனைவி. இரண்டு பேருக்கும் உப்பளத்தில்தான் வேலை. அவன் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் ஒதுக்குவான், அவள் அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் ஏற்றிக் கொண்டுபோய் அம்பாரத்தில் தட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து தட்டியவள், அன்றைக்கு ஒரு பெட்டிக்குக் குனிந்தாள், நிமிரவில்லை.

"என்னட்டி ஆச்சு?" என்று பலகையைப் போட்டுவிட்டு ஓடினான் தவசிலிங்கம்.

"இடுப்புல ஆணி அடிச்சாப்ல இருக்கு. தொடாதிய."

உப்பு ஏற்றும் டிராக்டரில் சாக்கு விரித்துக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். அந்தப் பக்கத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால் இரட்டைப் பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டு மூன்று தடவை மிதிக்கச் சொல்வது வழக்கம். தெற்குத் தெரு ராசக்கனி இரட்டைப் பிள்ளைக்காரி. பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் அவள் பாதத்துக்கு மட்டும் ஊரில் மவுசு குறையவில்லை. அவள் வந்து, கால் கழுவி, கிழக்கே பார்த்து நின்று, சந்தனமாரியின் இடுப்பில் பூப்போல மூன்று மிதி மிதித்தாள். மூன்றாவது மிதிக்குச் சந்தனமாரி போட்ட சத்தத்தில் ராசக்கனிதான் முதலில் அழுதாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு எதுவும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தவசிலிங்கம் அதை நம்பவில்லை. அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான். உப்பு லாரி மேலிருந்து விழுந்த அண்ணனை நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள், "ஒண்ணுமில்ல, நடலே" என்றார்கள். ஒரு அடி வைத்தவன் அப்படியே சரிந்தான், அதற்குப் பிறகு எழவே இல்லை. தூக்கி நிறுத்திய எட்டுக் கைகளில் இரண்டு தவசிலிங்கத்தின் கைகள். ஆகவே அவன் தன் கல்யாணத்துக்குத் தானே பின்னிய நார்க்கட்டிலை வாசலில், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே போட்டு, மனைவியை அதில் படுக்க வைத்து, "நீ அசையவே கூடாது. ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவன் அவ்வளவு அன்பாக அதற்கு முன்னால் பேசியதில்லை. சந்தனமாரிக்கு அதிலேயே பாதி வலி போனது மாதிரி இருந்தது.

அவன் சொன்னபடியே பார்த்துக்கொண்டான். கஞ்சி ஊட்டினான், தலை வாரிவிட்டான், முகத்தில் உட்காரும் ஈயைக்கூட அவள் கை தூக்கும் முன் அவன் விரட்டினான். பெண்டாட்டியைத் தாங்கினால் தவசிலிங்கம் மாதிரி தாங்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் குத்திக் காட்டினார்கள்.

அந்தக் கட்டிலின் கால்கள் பூவரசு. சந்தனமாரி பிறந்தது ஆற்றங்கரை ஊர். கல்யாணத்தின்போது அவள் அப்பா வாய்க்கால் கரைப் பூவரசை வெட்டிக் கொடுத்தனுப்பிய கட்டை அது. பூவரசுக் கொம்பை எங்கே நட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும், இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பிழைக்கும் என்பதுதான் அதுவரை தெரியாது. அவள் படுத்து பதினாறாம் நாள் கால்மாட்டில் ஒரு துளிர் வந்தது, இருபதாம் நாள் தலைமாட்டில் வந்தது, ஒரு மாதம் ஆவதற்குள் நாலு காலும் நாலு அடிமரமாகி, மேலே போய் ஒன்றோடு ஒன்று பிணைந்து, ஓலைச் சாய்ப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தகரக் கூரைக்கு மேலே குடை விரித்தது. சித்திரை பிறந்தபோது வடக்குத் தெருவில் பாதிக்கு நிழல் இருந்தது.

ஊருக்கு ஆச்சரியப்பட நேரமில்லை, உட்கார இடம் பிடிக்கத்தான் நேரம் இருந்தது. விடியுமுன் பாத்திக்குப் போய் பதினோரு மணிக்கு வெந்த கண்ணோடு திரும்புகிற சனம், வீட்டுக்குள் போகாமல் நேராக மரத்தடிக்கு வந்து முந்தியை விரித்துப் படுத்தது. ரேஷன் கடைக்காரர் தராசை அங்கே கொண்டுவந்து போட்டார். நாவிதர் கண்ணாடியை ஒரு கிளையில் மாட்டினார். கட்சிக்காரர்கள் வந்து எந்தக் கிளையில் எந்தக் கொடி என்று சண்டை போட்டு, ஒரு கொடியும் வேண்டாம் என்று சமாதானமானார்கள். அளந்து எழுத வந்த வருவாய்த்துறை ஊழியர் வெகுநேரம் யோசித்து, பூவரசு ஒன்று, வீட்டுக்காரியுடன், என்று பதிவு செய்து டீ குடித்துவிட்டுப் போனார். பஸ் கண்டக்டர் மொட்டைப்பாடு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, "மரத்தடி இறங்கு, மரத்தடி இறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். தெற்குத் தெருக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல், சாயங்காலம் ஆனால்தான் நிழல் அவர்கள் பக்கம் வருகிறது என்று.

இத்தனைக்கும் நடுவில் சந்தனமாரி படுத்திருந்தாள். அவள் புரண்டு படுத்தால் ஒரு கொத்து இலை பழுத்தது, தும்மினால் ஒரு சின்னக் கிளை ஒடிந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு ஊரே அவளைத் தாங்கியது. "அசையாத தாயி" என்று வயசில் மூத்தவர்கள்கூடக் கெஞ்சினார்கள். யாரோ ஒருத்தி முதலில் மரத்தைச் சுற்றி வந்து கும்பிட்டாள். அவளுக்கு ஒரு வருஷமாக இருந்த இடுப்பு வலி பத்து நாளில் குறைந்தது. அதோடு விஷயம் பற்றிக்கொண்டது. உப்பளத்து ஊரில் இடுப்பு வலி இல்லாத வீடு எது? காலையில் இருபத்தியொரு சுற்று, சாயங்காலம் இருபத்தியொரு சுற்று என்று கணக்கு வைத்து ஆணும் பெண்ணும் கட்டிலைச் சுற்றி நடந்தார்கள். நடந்தவர்களுக்கெல்லாம் வலி விட்டது. சந்தனமாரி மல்லாந்து படுத்தபடி தலைமாட்டில் தொடங்கி கால்மாட்டில் மறைந்து மறுபடி தலைமாட்டில் வரும் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மகள் பொன்செல்விக்கு ஆவணியில் கல்யாணம். மொட்டைப்பாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது, பெற்றவள் தன் கையால் அள்ளிய உப்பில் ஒரு பிடி எடுத்து, மகளோடு நடந்து, ஊர் எல்லையில் பஸ் நிற்கும் பாலம் வரை போய், அங்கே வைத்து அதை மகளின் முந்தியில் முடிந்துவிட வேண்டும். போகிற வீட்டில் முதல் சோற்றுக்கு அந்த உப்புதான். வாசலிலிருந்து பாலம் நூற்றுப் பன்னிரண்டு அடி. சந்தனமாரி நல்லபடியாக நடந்த காலத்தில் எண்ணி வைத்திருந்தாள்.

வைகாசி முடிவில் அமலி வந்தாள். வீடு வீடாகப் போய் கை கால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண். ஊர் அவளை நர்ஸம்மா என்றது. "நர்ஸ் இல்லைங்க, பிசியோ" என்று பத்துத் தடவை திருத்திவிட்டு அவளும் விட்டுவிட்டாள். ஸ்கூட்டியை நிழலில் நிறுத்தி, மரத்தை அண்ணாந்து பார்த்து, "நல்லா வளர்ந்திருக்கு" என்று சொன்னதோடு சரி; கட்டில் ஓரம் உட்கார்ந்து சந்தனமாரியின் முழங்காலில் தட்டினாள், பாதத்தைத் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள், ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாள்.

"எதுவும் உடையலக்கா. நீங்க எந்திரிச்சு நடக்கலாம். நடக்கத்தான் செய்யணும்."

"வலிக்குமே?"

"வலிக்கும். வலிக்கிறது வேற, கெட்டுப்போறது வேற. படுத்தே கிடந்தாதான் கெட்டுப்போகும். இன்னைக்கு ஒரு அடி, நாளைக்கு ரெண்டு. ஒரு நாளைக்கு ஒரு அடி கூட, அவ்வளவுதான். கொஞ்சம் பழகிட்டா கால் தன்னால உங்களக் கூட்டிட்டுப் போகும்."

பாத்தியிலிருந்து வந்த தவசிலிங்கம் காதில் கடைசி வார்த்தை விழுந்தது. அவனுக்கு அண்ணன் சரிந்த காட்சி கண்ணுக்குள் வந்தது. "நீங்க படிச்சவிய, ஒங்களுக்குச் சொல்லிட்டுப் போயிரலாம். விழுந்தா தூக்குறது நான்லா. இனிமே இந்த வாசலுக்கு வராதிய" என்றான். அமலி ஸ்கூட்டியை எடுத்தாள். போகும்போது பொன்செல்வியைப் பாலத்தடியில் பார்த்து நாலு வார்த்தை பேசினாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனி பிறந்ததும் மரத்தடியில் காலையில் இலை விழுந்து கிடக்க ஆரம்பித்தது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் பத்து. பொன்செல்வி கூட்டி அள்ளி அடுப்பில் போட்டுவிடுவாள். ஊர் முழுக்கப் பாத்தியில் இருக்கும் அந்த விடியற்காலையில், தாயும் மகளும் என்ன செய்தார்கள் என்று யார் கண்டது? தவசிலிங்கம் ஒருநாள் மண்வெட்டி மறந்துபோய் பாதி வழியில் திரும்பி வந்தான். அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு அடி வைத்தாள். மேலேயிருந்து ஒரு இலை விழுந்தது. அடுத்த அடிக்கு அடுத்த இலை. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். "நாப்பது. நாப்பத்தியொண்ணு. போதும்மா, இன்னைக்கு இது போதும்."

சந்தனமாரி தலை நிமிர்ந்தபோது புருஷன் எதிரே நின்றான். அவள் முகம் வியர்த்திருந்தது, சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தான். "பாத்தியளா? பாலத்துக்குப் பாதி தூரம் வந்துருவேன் போலிருக்கு" என்றாள்.

அவனும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி முடித்திருக்கலாம். அவன் ஓடிவந்து அவளை வாரித் தூக்கிக் கட்டிலில் போட்டான். பயந்தவன் செய்கிற காரியம் கோபக்காரன் செய்கிற காரியத்தைவிட மோசமாக இருக்கும்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. தெற்குப் பக்கத்துக் கிளை ஒன்று மொட்டையாக நின்றது, அதை மறைக்க முடியாது. சாயங்காலம் மரத்தடியில் கூட்டம் கூடியது. யாரும் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால்கூடச் சந்தனமாரி எதிர்த்துப் பேசியிருப்பாள். ஊர்ப் பெரியவர் சுயம்பு கையைக் கட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார். "தாயி, ஒன்னய நடக்கக் கூடாதுன்னு சொல்ல நாங்க யாரு? பச்சப்புள்ளைகளப் போட்டுத் தூங்க வைக்க இந்த ஊர்ல ஒரு நிழல் இருந்துச்சா? ஒன் மக கல்யாணத்துக்குப் பந்தலே வேண்டாம், இதுதான் பந்தல். இந்த வெயில் காலம் போகட்டும். மழை விழுந்ததும் நீ நடம்மா, நாங்களே கையைப் பிடிச்சு நடத்துதோம்."

"மழையில எம் மக இங்க இருக்க மாட்டாளே" என்றாள் சந்தனமாரி.

எல்லாரும் தவசிலிங்கத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு ஊர் முகம் முறிக்கவும் மனசில்லை, அண்ணனை மறக்கவும் முடியவில்லை, இரண்டும் ஒரே பக்கம் இழுத்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று. மறுநாள் புது நார் நனைத்து வந்து, தொய்ந்திருந்த கட்டிலை இறுக்கினான். இறுக்கும்போதே அவள் இடுப்புக்கு மேல் குறுக்கே நாலு வரிசை ஓட்டினான். "தூக்கத்துல எந்திரிச்சிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்" என்று தனக்குத்தானே சொல்வது போல் சொன்னான். அவள் தடுக்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போடும்போது மட்டும், "கொஞ்சம் தளத்திப் போடுங்க" என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அவ்வளவு குளிர்ச்சியான கல்யாணத்தை மொட்டைப்பாடு பார்த்ததில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் மூன்று மாதம் பேசினார்கள். புறப்படும் நேரம் வந்தது. ராசக்கனி அம்பாரத்திலிருந்து உப்பு கொண்டுவந்து சந்தனமாரியின் கையில் வைத்தாள். பொன்செல்வி கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு முந்தியை விரித்தாள்.

"இங்க முடியக் கூடாதுட்டி. பாலத்துலதான் முடியணும்" என்றாள் அம்மா.

"பரவால்லம்மா, இங்கயே முடி."

அவள் முடிந்துவிடவில்லை. உப்பை ராசக்கனி கையில் கொடுத்து, "நீ போயிட்டு வாக்கா" என்றாள். பெண் போனாள், பின்னால் ஊர் போயிற்று. மரத்தடியில் தவசிலிங்கமும் அவளும் மட்டும் இருந்தார்கள். சந்தனமாரியின் உதடு அசைந்தது. தவசிலிங்கம் குனிந்து கேட்டான், அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அதே நேரத்தில் பாலத்திலிருந்து பஸ் ஹாரன் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் புரண்டு படுக்கவில்லை, தும்மவில்லை. மரம் தழைத்தது. ஐப்பசி மழையில் மற்ற ஊர்களில் மரம் சாய்ந்தது, இங்கே ஒரு கிளை ஒடியவில்லை. ஊர் கும்பிட்டது.

கார்த்திகையில், வரப்பு கட்டிக்கொண்டிருந்த தவசிலிங்கத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆணி அடிச்சாப்ல இருக்கு என்று அவள் சொன்னது எப்படி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "வீட்டுலயே மருந்தை வச்சுக்கிட்டு என்ன கவலை?" என்றார் சுயம்பு. அவனும் எல்லாரையும் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றினான். முதல் நாள் இரண்டு சுற்று. பத்து நாளில் பத்து. மார்கழி முடியுமுன் இருபத்தியொன்று சுற்றினான், வலி போன இடம் தெரியவில்லை.

தை மாதம் தெற்குத் தெருவில் யாருக்கோ பயிற்சி கொடுக்க வந்த அமலியைப் பாலத்தில் பார்த்தான். வாசலுக்கு வரக் கூடாது என்று சொன்ன கூச்சம் அவனுக்கு இருந்தது. இருந்தாலும் பெருமை பேசாமல் இருக்க முடியவில்லை. "எனக்கும் இடுப்பு புடிச்சுது பாத்துக்கிடுங்க. எம் பொண்டாட்டி மரத்தை இருவத்தியொரு சுத்து சுத்தினேன், பறந்து போச்சு."

அமலி ஸ்கூட்டியிலிருந்து இறங்கினாள். "ஒரு சுத்துக்கு எத்தனை அடிண்ணே?"

அவன் மனசுக்குள் நடந்து பார்த்தான். "நாப்பது இருக்கும்."

"இருவத்தியொண்ணு நாப்பது… எண்ணூத்தி நாப்பது." விரல் விட்டுக் கணக்குப் போட்டவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அக்காகிட்ட எண்ணூத்தி நாப்பது கேக்கலியேண்ணே. ஒரு நாளைக்கு ஒரு அடிதானே கூடக் கேட்டேன்."

தவசிலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு கால் நிற்கவில்லை. பாலத்திலிருந்து வாசல் வரை ஓடினான். ஊரே சுற்றிச் சுற்றி நடந்து குணமாகியிருக்கிறது, நடுவில் கிடந்தவளை மட்டும் ஒரு அடி நடக்கவிடவில்லை. இத்தனை மாதமாக அவளைச் சுற்றியே நடந்துகொண்டு, அவளைத்தான் அசையாதே என்று சொல்லியிருக்கிறோம்.

அரிவாளை எடுத்து நாரை அறுக்கப் போனான். நார் எது, தோல் எது என்று தெரியவில்லை. அறுத்த இடத்தில் பால் போல ஒன்று கசிந்தது. இடுப்புக்குக் கீழே சேலையைத் தொட்டான், பட்டை சொரசொரத்தது. "எந்திரிட்டி, எந்திரி, நான் புடிச்சுக்கிடுதேன், நாப்பத்திரெண்டாவது அடியிலிருந்து நடப்போம்" என்று அவள் தோளை உலுக்கினான்.

"விடுங்க" என்றாள் சந்தனமாரி. குரல் எங்கோ மேலேயிருந்து வந்தது. "இப்ப வலிக்கவே இல்லங்க. வலி போயிட்டு. அது இருந்தவரைக்கும் கால் இருந்துச்சு, ரெண்டும் சேந்து போயிட்டு."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நிழலில் படுத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

அவன் அழுகை ஓய்ந்ததும் சந்தனமாரி சொன்னாள். "ஒரு பிடி உப்பு எடுத்துக்கிட்டுப் பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க. எண்ணிக்கிட்டே போங்க, எனக்குக் கேக்குற மாதிரி."

அவன் போனான். உப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, ஒன்று இரண்டு என்று கத்திக்கொண்டே நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தான், திரும்பி வந்தான். தினமும் போனான். மாசி பிறந்தபோது அவள் முகம் இருந்த இடத்தில் மரத்தில் ஒரு புடைப்பு இருந்தது, பேச்சு இல்லை. தாய் வீடு வந்த பொன்செல்வி அந்தப் புடைப்பைத் தடவினாள், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இப்போது ராசக்கனி விஷயத்துக்கு வருவோம். பங்குனியில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் மிதித்தவளுக்கு மிதிக்க ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார்கள், முறிவு இல்லை என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். தெற்குத் தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் ஆற்றங்கரைக்குப் போய்ப் பச்சைப் பூவரசு வெட்டி வந்தார், இரண்டு பேர் கட்டில் அடித்தார்கள், புது நார் நனைந்தது. தெற்குத் தெரு நடுவில், வெயில் நன்றாக விழுகிற இடம் பார்த்துக் கட்டிலைப் போட்டு, ராசக்கனியை அதில் படுக்க வைத்து, "அசையாத தாயி, எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். அவர்கள் குரலிலும் அன்புதான் இருந்தது, அதில் பொய் இல்லை.

தவசிலிங்கம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று, ஊர் முறையில் தனக்கு அண்ணியாகும் ராசக்கனியிடம், "மைனி, எந்திரி" என்றான்.

"என்னால முடியாதுப்பா. உயிர் போவுது."

"போகாது. வலிக்கும். வலிக்கட்டும். எந்திரி மைனி, ஒரே ஒரு அடி."

"கோட்டிப்பய, பொண்டாட்டி போன வயித்தெரிச்சல்ல பேசுதான்" என்றார்கள். "நெஞ்சுல ஈரமே இல்லியா?" என்றார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். அவன் யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை, குனிந்து ராசக்கனியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். ராசக்கனி மரத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் உப்பைத் தன் கையால் பாலத்துக்குக் கொண்டுபோனது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அலறிக்கொண்டே எழுந்தாள், அவனை வண்டி வண்டியாகத் திட்டிக்கொண்டே ஒரு அடி வைத்தாள், மறுபடி கட்டிலில் விழுந்தாள்.

மறுநாள் இரண்டு அடி. அதற்கு மறுநாள் மூன்று. தெற்குத் தெரு சில நாள் அவனிடம் முகம் கொடுக்கவில்லை. புதுக் கட்டிலின் காலில் வந்திருந்த துளிர் வாடி உதிர்ந்தபோது இரண்டு பேர் அழுதார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தத் தெருவில் சித்திரை வெயில் அப்படி. ஆனால் இருபது அடி தாண்டியபோது பார்க்க ஆள் கூடியது. முப்பது தாண்டியபோது நடையைப் பெரிய மரத்தடிக்கு மாற்றிக்கொண்டார்கள். அமலியும் ஒருநாள் வந்து ஸ்கூட்டியில் சாய்ந்தபடி பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். காலையும் சாயங்காலமும் சுற்றுகிறவர்கள் ராசக்கனிக்கு வழிவிட்டார்கள். தவசிலிங்கம் பக்கத்திலேயே வந்து எண்ணினான்.

நாற்பத்தியொன்றில் ராசக்கனி நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள், மூச்சு வாங்கியது. "போதும்ப்பா. இன்னைக்கு ஏலாது, நேத்து வச்சதே போதும்."

இதே இடம், இதே அடி. தவசிலிங்கம் ஓடிவந்து சந்தனமாரியை வாரித் தூக்கியது இங்கேதான்.

"இன்னும் ஒண்ணு மைனி" என்றான். "ஒண்ணே ஒண்ணு வச்சிரு."

ராசக்கனி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடி, காலைத் தூக்கி வைத்தாள். காற்று இல்லை, கிளைகள் ஆடவில்லை, ஊர் நடந்த இத்தனை நாளில் யார் அடிக்கும் உதிராத இலை ஒன்று அந்த அடிக்கு மட்டும் மேலேயிருந்து இறங்கி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது.

தவசிலிங்கம் அதைக் குனிந்து எடுத்தான், மண்ணைத் துடைத்தான், மடியில் கட்டிக்கொண்டான்.

"நாளைக்கு நாப்பத்திமூணு" என்றான்.